கஞ்சா வேப்பில் செயற்கை ஓபியாய்டு: மயங்கிக் கிடப்பவரின் மூச்சைக் கவனிப்பது எப்படி

கஞ்சா எடுத்துக்கொண்டவருக்குக் கண் சிவக்கும், வாய் வறளும், நெஞ்சு படபடக்கும். அளவு கூடினால் பயமும் வாந்தியும் வரும். ஆனால் வளர்ந்த ஒருவருக்குக் கஞ்சாவால் மூச்சு மந்தமாகி நின்றுபோவதில்லை. ஆகவே, ‘கஞ்சா ஆயில்’ என்று சொல்லி விற்கப்பட்ட வேப்பை, அதாவது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக உறிஞ்சவைக்கும் மின்கருவியை, இழுத்த ஒருவர் எழுப்பினாலும் எழாமல், தொண்டையில் களகளவென்ற ஒலியோடு விட்டுவிட்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், அவர் உடம்புக்குள் போனது கஞ்சா மட்டும் அல்ல என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வடசென்னையில் ராயபுரத்தின் பத்துக்குப் பத்து அறையிலோ, வியாசர்பாடியின் மொட்டை மாடியிலோ, கொருக்குப்பேட்டையின் கேரம் கிளப்பிலோ ஒருவர் இப்படிக் கிடக்கும்போது, பக்கத்தில் இருப்பவர் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அவர் பிழைப்பதும் பிழைக்காததும் அமையும். அந்தப் பத்து நிமிடத்துக்காகவும் அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றுக்காகவும் எழுதப்பட்டது இது.

வேப் பிரச்சினையை வடசென்னையின் தலையில் மட்டும் கட்டிவிடும் வழக்கம் செய்திகளில் இருக்கிறது. சாதனத்தின் விலையைப் பார்த்தாலே அந்தக் கணக்கு தவறு என்று தெரியும். நகரத்தின் எல்லாப் பகுதிகளிலும் அது இருக்கிறது. நம் பகுதிக்கென்று தனியாக எழுதுவதற்குக் காரணம் வேறு. நம் சந்துகளின் அகலம், மாடிப்படிகளின் வளைவு, கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலைகள் ஆகியவை உதவி வந்து சேரும் நேரத்தை நீட்டிவிடும். அந்த நேரத்தை நிரப்ப வேண்டியவர்கள் வீட்டாரும் நண்பர்களுமே.

எது கலக்கிறது

இங்கே பேசப்படும் முக்கியமான பொருள் நைட்டாசீன் எனப்படும் செயற்கை ஓபியாய்டுகளின் குடும்பம். ஓபியாய்டு என்பது அபின், மார்பின், ஹெராயின் ஆகியவற்றைப் போல மூளையில் வேலை செய்யும் பொருள்களுக்கான பொதுப்பெயர். 1950-களில் சுவிட்சர்லாந்தின் சிபா மருந்து நிறுவனம் வலி நிவாரணிகளைத் தேடிய ஆராய்ச்சியில் நைட்டாசீன்களை உருவாக்கியது. அவை மூச்சை அடக்கும் வேகம் மிக அதிகம் என்பதால் மனிதர்களுக்கான மருந்தாக ஒருபோதும் சந்தைக்கு வரவில்லை. அறுபது ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரைகளுக்குள் கிடந்த அந்தக் குடும்பத்தின் ஐசோடோநைட்டாசீன் 2019-ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கள்ளச் சந்தையில் தலைகாட்டியது. 2021-ல் அது சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டு மார்பினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம் கொண்டது என்று சொல்வார்கள். நைட்டாசீன்களில் சில ஃபென்டனிலையும் மிஞ்சக்கூடியவை.

ஆஸ்திரேலியாவின் மாநிலச் சுகாதாரத் துறைகள் வேப் திரவங்களில் நைட்டாசீன் கண்டறியப்பட்டதாக எச்சரித்திருக்கின்றன. பிரிட்டனிலும் டி.எச்.சி. திரவம் என்று, அதாவது கஞ்சாவின் போதைச் சத்து என்று, விற்கப்பட்டவற்றில் அது இருந்திருக்கிறது. வேறு கலப்படங்களின் வரலாறு இன்னும் நீளமானது. அமெரிக்காவில் 2019-ல் கள்ளச் சந்தைக் கஞ்சா வேப்களில் திரவத்தைக் கெட்டியாகக் காட்டுவதற்காகச் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் நுரையீரலைப் பாதித்தது. 2020 பிப்ரவரி வரையிலான கணக்கில் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தனர், 68 பேர் இறந்திருந்தனர். இங்கிலாந்தில் பள்ளிகளில் பறிமுதல் செய்யப்பட்ட வேப்களை பாத் பல்கலைக்கழகம் ஆய்வு செய்து 2024-ல் வெளியிட்ட முடிவில், ஏறக்குறைய ஆறில் ஒன்றில் ஸ்பைஸ் எனப்படும் செயற்கைக் கஞ்சாப் பொருள் இருந்தது. நம்மில் பலருக்கு உறவினர் இருக்கும் சிங்கப்பூரில் கே-பாட் என்ற பெயரில் புழங்கியவற்றில் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து இருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன் நரம்பில் ஏற்றப்படும் அந்த மருந்தை 2025 செப்டம்பர் 1 முதல் போதைப்பொருளாகவே அந்நாட்டு அரசு அறிவித்தது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் காரணம் ஒன்றுதான். இலைக் கஞ்சாவைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம். மூடிய குப்பிக்குள் இருக்கும் திரவத்தைப் பற்றி விற்பவர் சொல்வதைத் தவிர வேறு எந்தத் தகவலும் வாங்குபவரிடம் இல்லை. அரை மில்லி அல்லது ஒரு மில்லி கொள்ளும் அந்தக் குப்பியில், அதாவது கார்ட்ரிட்ஜில், கண்ணுக்குத் தெரியாத அளவு நைட்டாசீன் கரைந்திருந்தாலும் நிறம் மாறாது, பழ வாசனையைத் தாண்டி எந்த வாடையும் வராது. நுரையீரல் வழியாகப் போகும் மருந்து சில நொடிகளிலேயே மூளையை அடைந்துவிடுவதால், ‘கொஞ்சமாக இழுத்துப் பார்க்கிறேன்’ என்பது சோதனை ஆகாது. மேலும், கஞ்சா மட்டுமே பழகியவரின் உடம்புக்கு ஓபியாய்டு தாங்கும் பழக்கம் சிறிதும் கிடையாது. ஹெராயினுக்குப் பழகியவர் தாங்கும் அளவில் ஒரு சிறு பங்கே புதியவரைச் சாய்க்கப் போதுமானதாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ‘கஞ்சாப் பொட்டலத்தில் எல்லாம் ஃபென்டனில் கலக்கிறார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைப் பிள்ளைகளிடம் அப்படியே ஒப்பிக்க வேண்டாம். 2021-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இப்படி ஒரு பரபரப்பு எழுந்தது; ஆய்வகத்தில் உறுதியானது ஒரே ஒரு மாதிரி, அதுவும் விற்றவர் கருவிகளைச் சரியாகச் சுத்தம் செய்யாததால் தற்செயலாக ஒட்டியதாக இருக்கலாம் என்றே பின்னர் கருதப்பட்டது. இலையைப் பற்றி நாம் மிகைப்படுத்திச் சொன்னதைப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டால், திரவத்தைப் பற்றி நாம் சொல்லும் உண்மையையும் அவன் நம்ப மாட்டான்.

வீட்டில் ஒன்று கிடைத்தால்

பென் டிரைவ், ஹைலைட்டர் பேனா, லிப்ஸ்டிக் ஆகியவற்றின் உருவத்தில் வேப்கள் வருகின்றன. ஒரு முனையில் உறிஞ்சும் வாய், மறுமுனையில் சார்ஜ் ஏற்றும் துளை, நடுவில் தேன் நிறத்தில் ஒரு சிறு கண்ணாடிக் குழாய் இருந்தால் அது பெரும்பாலும் ஆயில் வகை. கையில் எடுப்பதால் ஆபத்து இல்லை. தோலில் பட்டாலே மயங்கி விழுவார்கள் என்பது கட்டுக்கதை. திரவம் கசிந்து விரலில் பட்டிருந்தால் சோப்பும் தண்ணீரும் போதும், கழுவும் வரை கண்ணையும் வாயையும் தொடாமல் இருந்தால் சரி. ஆனால் ‘என்னதான் இருக்கிறது பார்ப்போம்’ என்று யாரும் ஒரு முறைகூட இழுத்துப் பார்க்கக் கூடாது, நாக்கில் வைத்தும் பார்க்கக் கூடாது. தவழும் குழந்தை வாயில் வைக்கும் உயரத்தில் அதைப் போட்டுவைப்பதும் ஆபத்து. சிறு குழந்தைகளுக்குக் கஞ்சா எண்ணெயே கோமா வரை கொண்டு போகக்கூடியது. உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் அடுப்பிலோ குப்பை எரியும் இடத்திலோ எறிவதும் கூடாது. ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு பிள்ளையிடம் பேச உட்காரலாம்.

சந்தைக்கு வரும் சோதனை அட்டைகளை நம்பியும் பயனில்லை. வெளிநாடுகளில் பரவலாகக் கிடைக்கும் ஃபென்டனில் சோதனைப் பட்டைகள் நைட்டாசீனைக் காட்டுவதில்லை. சிறுநீரில் போதைப்பொருள் பார்க்கும் வழக்கமான கிட்டும் ஃபென்டனிலையோ நைட்டாசீனையோ பிடிப்பதில்லை. ‘டெஸ்டில் ஒன்றும் இல்லை’ என்ற முடிவை வைத்துக்கொண்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

மயங்கிக் கிடப்பவரைக் கண்டால்

நடப்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நான்கைந்து பேர் இருக்கும் இடத்தில் ஒருவன் சுவரில் சாய்ந்து தலை தொங்கி உட்கார்ந்திருப்பான்; குறட்டை வரும்; ‘மச்சி ஃபிளாட் ஆயிட்டான்டா’ என்று ஒருவர் சிரிப்பார், இன்னொருவர் செல்போனில் படம் எடுப்பார், கடைசியில் ‘தூங்கட்டும் விடு’ என்று சொல்லிவிட்டுக் கலைந்து போவார்கள். வீடாக இருந்தால் அம்மா போர்வையைப் போர்த்திவிட்டு விளக்கை அணைப்பார். ஓபியாய்டால் நிகழும் மரணங்களில் பல இந்தத் ‘தூங்கட்டும்’ என்ற சொல்லுக்குப் பிறகுதான் நிகழ்கின்றன. தலை முன்னால் தொங்கியிருக்கும் நிலையில் நாக்கும் கழுத்தும் மடங்கி மூச்சுக்குழல் ஏற்கெனவே பாதி அடைபட்டிருக்கும். நாம் குறட்டை என்று கேட்பது அடைபட்ட குழலில் காற்று போராடும் ஒலி.

முதலில் பெயர் சொல்லி உரத்த குரலில் கூப்பிட்டுத் தோளை உலுக்க வேண்டும். கண் திறக்காவிட்டால், விரல்களை மடக்கி, முட்டிகளால் நடுநெஞ்சு எலும்பின்மேல் அழுத்தித் தேய்க்க வேண்டும். தூங்குகிறவர் எவராக இருந்தாலும் அந்த வலிக்குக் கையைத் தட்டிவிடுவார். முனகலோடு நின்றுவிட்டாலோ அசைவே இல்லாவிட்டாலோ அது தூக்கம் அல்ல.

அடுத்தது மூச்சு. வயிற்றுக்கு மேலே உள்ளங்கையை வைத்து, செல்போனில் முப்பது நொடி ஓடவிட்டு, கை எத்தனை முறை உயர்கிறது என்று எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். வளர்ந்தவர் ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். எழுப்ப முடியாத ஒருவருக்கு அது 12-க்குக் கீழே இருந்தால் ஆபத்து தொடங்கிவிட்டது. இரண்டு மூச்சுகளுக்கு நடுவே பத்து நொடி இடைவெளி விழுந்தால் ஆபத்து முற்றிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவரிடம் முப்பது நொடி எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், நேராக உதவியில் இறங்கிவிடலாம். கருத்த நிறத்தவருக்கு ‘உதடு நீலமாகும்’ என்ற பாடப்புத்தக அடையாளம் எளிதில் தெரியாது. கீழ் உதட்டை விரலால் மடித்து உள்பக்கத்தையும் ஈறையும் நகக்கண்ணையும் பார்த்தால் இளஞ்சிவப்பு போய்ச் சாம்பல் படர்ந்திருப்பது தெரியும். இமையைத் தூக்கிக் கண்மணியையும் பார்க்கலாம். ஓபியாய்டு என்றால் அது குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். டார்ச் வெளிச்சமே கண்மணியைச் சுருக்கிவிடும் என்பதால் முதலில் அறை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கண்மணி சுருங்காமல் இருப்பதை வைத்து ஓபியாய்டு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது, ஏனெனில் மற்ற பொருள்களோடு கலந்திருந்தாலோ மூளைக்கு ஆக்சிஜன் குறைந்திருந்தாலோ அது விரிந்தும் இருக்கலாம்.

எழவில்லை என்று தெரிந்த உடனேயே 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட வேண்டும்; மேற்சொன்ன சோதனைகள் எல்லாம் முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. சொல்ல வேண்டியது சுருக்கமாக இருக்கட்டும்: ‘சார், இருபது வயசுப் பையன். எழுப்பினா எழல, மூச்சு ரொம்ப மெதுவா வருது. தண்டையார்பேட்டைல இருந்து பேசறேன். வண்டி சந்துக்குள்ள வராது, மெயின் ரோட்டுல ரேஷன் கடைகிட்ட ஆள் நிக்கும்.’ போதை, கஞ்சா என்ற சொற்களைச் சொல்லத் தயக்கம் இருந்தால் அந்த அழைப்பில் ‘மூச்சு வரவில்லை’ என்பதை மட்டுமாவது தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒருவரை உடனே மெயின் ரோட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடி என்றால், படிக்கட்டில் நிற்கும் சைக்கிளையும் தண்ணீர்க் குடங்களையும் ஒதுக்குவதற்கு இன்னொருவர் வேண்டும்; ஸ்ட்ரெச்சர் திரும்ப முடியாமல் படி வளைவில் சிக்கி நிற்கும் நிமிடங்கள் திரும்ப வராதவை.

மூச்சு சீராக வந்துகொண்டிருக்கிறது, ஆனால் ஆள் எழவில்லை என்றால் தரையில் பாய் விரித்து ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, நம் பக்கத்துக் கையை நீட்டிவைத்து, அந்தப் பக்கத்துக் கையின் புறங்கையை நம் பக்கத்துக் கன்னத்தின்கீழ் கொண்டுவந்து, அந்தப் பக்கத்து முழங்காலை மடக்கி நம்மை நோக்கி இழுத்தால் உடம்பு தானாகத் திரும்பிவிடும். முகவாய் சற்று மேல்நோக்கியும் வாய் தரையை நோக்கியும் இருந்தால் வாந்தி வந்தாலும் நுரையீரலுக்குள் போகாது. மல்லாக்கப் படுக்கவைத்துத் தலைக்குத் தலையணை கொடுப்பது அன்பாகத் தெரியலாம். அது மூச்சுக்குழலை மடக்கிவிடும். அவரை விட்டு யாரும் நகரக் கூடாது.

மூச்சு மிக மெதுவாகவோ நின்றோ இருந்தால் மல்லாக்கத் திருப்பி மூச்சு ஊத வேண்டும். முதலில் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். கன்னத்தில் ஒதுக்கிய மாவாவோ குட்காவோ உதட்டுக்குள் செருகிய புகையிலைப் பொட்டலமோ கண்ணுக்குத் தெரிந்தால் விரலால் வழித்து எடுத்துவிட வேண்டும். நம் ஊரில் இதுதான் முதலில் தட்டுப்படும். பிறகு நெற்றியில் ஒரு கையை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, மற்ற கையால் முகவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்து மூடி, வாயோடு வாய் பொருத்தி ஒரு நொடி ஊத வேண்டும். நெஞ்சு உயர்வது தெரிய வேண்டும்; உயராவிட்டால் தலையின் சாய்வைச் சரிசெய்து மீண்டும் ஊத வேண்டும். ஐந்து அல்லது ஆறு நொடிக்கு ஒரு முறை, நிதானமாக. ஓபியாய்டால் மயங்கியவருக்கு ஆரம்பத்தில் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும், குறைவது ஆக்சிஜன். எனவே நாம் ஊதும் காற்று வெறும் முதலுதவி என்பதைத் தாண்டி அதுவே சிகிச்சையும் ஆகிறது. மெல்லிய கைக்குட்டையை வைத்துக்கொண்டும் ஊதலாம், அவர் இழுத்த மருந்து அதன் வழியாக நமக்கு ஏறிவிடாது. அசைவும் மூச்சும் முற்றிலும் இல்லாமல் நாடியும் தெரியவில்லை என்றால், நடுநெஞ்சில் இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. நாடி பார்க்கத் தெரியாதவர் அதைத் தேடி நேரத்தைப் போக்காமல் நேரடியாக அழுத்தத் தொடங்கலாம். கை ஓய்ந்தால் அடுத்தவர் மாற வேண்டும், நடுவில் இடைவெளி விடக் கூடாது.

ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்று தெரிந்து ஆட்டோவில் கொண்டு போவதென்றால், ஸ்டான்லி அரசு மருத்துவமனை ஐந்து நிமிடத்தில் இருக்கும் பழைய வண்ணாரப்பேட்டைக்காரரின் முடிவும் எண்ணூர்க்காரரின் முடிவும் ஒன்றாக இருக்க முடியாது. மூச்சு இருப்பவரை மட்டும் ஆட்டோவில் ஏற்றலாம். மடியில் தலையை வைத்து ஒருக்களிக்கச் செய்து ஒருவர் முகவாயைப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். மூச்சு நின்றவரைப் போர்வையில் சுருட்டி மூன்று மாடி இறக்கி ஆட்டோவில் திணிக்கும் பத்து நிமிடத்தில் அவர் மூளைக்கு ஒரு மூச்சுகூடப் போயிருக்காது. அவருக்கு இருந்த இடத்திலேயே ஊதிக்கொண்டு 108-க்குக் காத்திருப்பதே சரி.

செய்யக் கூடாதவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எலுமிச்சைச் சாறு, மோர், புளித்தண்ணீர், உப்புத் தண்ணீர், கருப்புக் காப்பி எதையும் மயங்கியவர் வாயில் ஊற்றக் கூடாது. விழுங்கும் உணர்வு இல்லாதவருக்கு அது நேராக நுரையீரலுக்குப் போகும். குழாயடியில் உட்காரவைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதும், கன்னத்தில் அறைவதும், இரண்டு பேர் தோளில் கைபோட்டு நடக்கவைப்பதும் நேரத்தை வீணாக்கும்.

அறிகுறிகள் வேறு மாதிரியும் இருக்கலாம். வெட்டி வெட்டி இழுத்தால், கை கால் துள்ளினால், ஆள் சரிந்து சில நிமிடத்தில் குழம்பிய பார்வையோடு எழுந்தால் எட்டோமிடேட் போன்ற மயக்க மருந்தாக இருக்கலாம். வெறி, வாந்தி, வலிப்பு, கட்டுக்கடங்காத படபடப்பு என்றால் செயற்கைக் கஞ்சாவாக இருக்கலாம். வலிப்பு வந்தால் வாயில் இரும்பையோ கரண்டியையோ திணிக்காமல், சுற்றியுள்ள பொருள்களை ஒதுக்கி, அடங்கியதும் ஒருக்களிக்க வேண்டும். எது என்று வீட்டில் தீர்மானிக்க வேண்டியதில்லை. மூச்சைக் காப்பது எல்லாவற்றுக்கும் பொது. போதைக்காகப் பயன்படுத்தப்படும் டேப்பன்டடால் வலி மாத்திரையும் ஒரு செயற்கை ஓபியாய்டுதான் என்பதால், மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்டு சாய்ந்தவருக்கும் இதே முதலுதவி பொருந்தும்.

மருத்துவமனையில்

ஓபியாய்டை எதிர்க்கும் மருந்தின் பெயர் நாலாக்சோன். நம் மருத்துவமனைகளில் அது ஊசியாகத் தரப்படுகிறது. நரம்பில் ஏற்றினால் இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பும். நைட்டாசீனுக்கு ஒரு டோஸ் போதாமல் மீண்டும் மீண்டும் தர வேண்டியிருக்கலாம். கஞ்சாவுக்கோ எட்டோமிடேட்டுக்கோ அது வேலை செய்யாது, ஆனால் கெடுதலும் செய்யாது. இதில் குடும்பத்தார் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம், நாலாக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் முடிந்துவிடும், உடம்பில் இருக்கும் ஓபியாய்டு அதற்குப் பிறகும் இருக்கும் என்பது. கண் திறந்து ‘எனக்கு ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்குப் போலாம்’ என்று அவன் சொல்லும் நேரம் நாலாக்சோன் வேலை செய்துகொண்டிருக்கும் நேரம். அப்போது கையெழுத்துப் போட்டு அழைத்துக்கொண்டு போனால், வீட்டுக் கட்டிலில் மீண்டும் மூச்சு அடங்கக்கூடும். டாக்டர் போகலாம் என்று சொல்லும் வரை வார்டில் இருக்க வேண்டும்.

டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்: என்ன இழுத்தான், எப்போது, கூடவே மது உண்டா, மாத்திரை உண்டா. ‘சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லி வேறு திசையில் தேடவைத்தால் நாலாக்சோன் தாமதமாகும். கார்ட்ரிட்ஜ் கையில் இருந்தால் உறையோடு காட்டலாம். ‘டெஸ்டில் நெகடிவ்’ என்று வந்தாலும், வேப் இழுத்ததையும் மூச்சு மந்தமானதையும் மீண்டும் ஒருமுறை எடுத்துச் சொல்லத் தயங்க வேண்டாம்.

போலீஸ் பயத்தால்தான் பலர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் இருக்கிறார்கள், ஆகவே சட்டத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசு மருத்துவமனையில் இத்தகைய கேஸ்களுக்கு ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவு போடுவது வழக்கம். அதற்காகச் சிகிச்சை நிற்காது. சட்ட நடைமுறைகளைக் காரணம் காட்டி அவசரச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வேப் உள்ளிட்ட இ-சிகரெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். கஞ்சா எண்ணெய் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. அதே சட்டத்தின் 64-ஏ பிரிவின்படி, பழக்கத்துக்கு ஆளான ஒருவர் அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால், பயன்பாடு மற்றும் சிறிய அளவு தொடர்பான குற்றங்களுக்கு வழக்கிலிருந்து விலக்கு கிடைக்க வழி உண்டு. விற்றவருக்கு இந்த வழி இல்லை. வழக்கு என்று வந்தால் வழக்கறிஞரைப் பார்க்கலாம். மூச்சு நிற்கும் நேரத்தில் அந்தக் கணக்கைப் போட வேண்டாம்.

அதற்குப் பிறகு

பழக்கத்தை விடுவதற்கு உதவி கேட்க 14446 என்ற தேசிய உதவி எண், மன நலத்துக்கு 14416, மாநிலச் சுகாதார ஆலோசனைக்கு 104 ஆகியவை இருக்கின்றன. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை நமக்குத் தூரம் இல்லை. ஸ்டான்லியின் மனநலப் பிரிவு இன்னும் பக்கம். 2025-ல் மாநில அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களையும் தொடங்கியது. கட்டிப்போட்டு அடிக்கும் தனியார் ‘மறுவாழ்வு’ இல்லங்களுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இந்தக் கதவுகளைத் தட்டிப் பார்க்கலாம்.

வீட்டில் பேசும்போது நேரம் முக்கியம். போதையில் இருக்கும்போதோ விருந்தாளிகள் முன்னிலையிலோ தொடங்கும் பேச்சு சண்டையில்தான் முடியும். அப்பா பேசினால் எகிறும் பிள்ளை தாய்மாமனிடமோ அத்தையிடமோ அடங்கிக் கேட்கலாம். அந்த உறவைப் பயன்படுத்திக்கொள்வதில் அப்பாவுக்குக் குறைவு ஒன்றும் இல்லை. ‘நீ கெட்டுப் போயிட்ட’ என்று தொடங்குவதைவிட, ‘அந்தக் குப்பிக்குள்ள என்ன இருக்குன்னு உனக்கும் தெரியாது, உன்கிட்ட குடுத்தவனுக்கும் தெரியாதுடா கண்ணு’ என்று தொடங்கினால் அவன் மறுத்துப் பேச இடம் குறைவு.

இதைப் படித்த பிறகும் இழுக்கத்தான் போகிறேன் என்பவர் இருப்பார், அவரும் உயிரோடு இருக்க வேண்டியவர்தான். இழுக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியாக இழுப்பது மற்ற எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ஏனெனில் மூச்சு நின்றால் பார்க்க ஆள் இருக்காது. மதுவோடும் தூக்க மாத்திரையோடும் வலி மாத்திரையோடும் சேர்ப்பது மூச்சை இரண்டு பக்கமிருந்தும் நெரிக்கும். கூட இருப்பவர்களில் ஒருவராவது அன்று எதையும் தொடாமல் இருக்க வேண்டும், அவர் செல்போனில் சார்ஜ் இருக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறான கிறக்கம், அரிப்பு, குமட்டல், கண் செருகல் தெரிந்தால் அதற்குமேல் ஒரு இழுப்புகூட வேண்டாம்.

ஒருவர் மருத்துவமனைக்குப் போய்விட்டார் என்றால் அதே கார்ட்ரிட்ஜைப் பகிர்ந்தவர்கள், அதே ஆளிடம் அதே நாளில் வாங்கியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை உடனே பார்க்க வேண்டும். அவர்களில் யாராவது ‘தூங்கிக்கொண்டு’ இருக்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும் நண்பர்களில் ஒருவர் இந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம்: எல்லோருக்கும் போன் போட்டு, எடுக்காதவர் வீட்டுக்கு ஆள் அனுப்பி, கதவைத் தட்டி, எழுப்பிப் பேசவைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். போன் எடுத்தவரிடமும் இன்றிரவு தனியாகப் படுக்க வேண்டாம் என்று சொல்லி, வீட்டில் ஒருவரிடம் போனைக் கொடுக்கச் செய்து விவரத்தைச் சொல்லிவிட வேண்டும்.